ஒரே கிணறு, இரண்டு கணக்கு

எங்கள் கூட்டத்துக்கு இன்றுவரை பெயர் கிடையாது. "ஞாயித்துக்கிழமை கிணறு பாக்குறவங்க" என்று தெருவில் சொல்கிறார்கள். அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். திருவான்மியூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி, மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, காலை ஆறரை மணி. வருகிறவர்கள் ஒரு பிளம்பர், நிலத்தடி நீர் வேலையிலேயே காலம் கழித்து ஓய்வுபெற்ற பொறியாளர் சார், பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கும் டீச்சர், தையல்காரர், மளிகைக் கடை அக்கா, குப்பத்துப் பெரியவர் ஒருவர், ஐடி பையன்கள் இரண்டு பேர், பல் டாக்டர் ஒருவர். அப்புறம் நான். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு இருபது வருடமாக இன்சூரன்ஸ் கிளெய்ம் ஃபைல் பார்க்கிறவள்.

"எங்க ஏரியாவுலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படிங்க?" என்று கேட்பவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன். சொதப்பியதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம்.

ஆசை வந்த இடம் கடற்கரை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை முட்டை தேடி நடக்கும் மாணவர் குழு ஒன்று சென்னையில் 1988 முதல் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு நானும் போனேன். பங்குனி ஆமையின் குழி ஒன்று கிடைத்தது. நூறு முட்டைக்கு மேல் இருக்கும், பிங்பாங் பந்து மாதிரி. பிறப்பது ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்யும், சூடு கூடினால் பெண் என்று ஒரு மாணவி சொன்னாள். உடனே கூட நடந்த எலக்ட்ரீஷியன், "அப்ப பொரிப்பகத்து மேல கீத்து போட்டு நிழல் குடுத்தா ஆணாப் பொறக்குமா?" என்று கேட்டார். பக்கத்தில் வந்த கால்நடை மருத்துவர் நின்றுவிட்டார். மணலுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் சூடு எவ்வளவு ஏறி இறங்கும், நிழலை எந்த நேரத்தில் போட வேண்டும் என்று இருவரும் அதிகாலை மூன்று மணி வரை பேசிக்கொண்டே நடந்தார்கள். ஒருவர் வேலையை இன்னொருவர் துளிகூட அறியாதவர். எனக்குக் கால் வலி மறந்துபோயிற்று. இந்தப் பேச்சு மாதாமாதம் வேண்டும் என்று தோன்றியது.

2018-ல் நான் செய்த தப்பு, அந்தப் பேச்சைப் பேச்சாளர்களை அழைத்து வரவழைத்துவிடலாம் என்று நினைத்தது. ஒரு சின்ன ஹாலை வாடகைக்குப் பிடித்தேன். புரொஜெக்டர், மைக், பேனர், பொன்னாடை எல்லாம் உண்டு. முதல் கூட்டத்துக்கு 43 பேர். மூன்றாவது கூட்டத்துக்கு வந்த பேராசிரியர் 84 ஸ்லைடு கொண்டுவந்தார், அத்தனையையும் காட்டினார். கேள்வி நேரத்தில் ஒரே ஒருவர் எழுந்து, கேள்வி கேட்காமல் பத்து நிமிடம் தன் கருத்தைச் சொன்னார். ஆறாவது கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தோம், அதில் என் கணவரும் மகளும் சேர்த்தி. ஹால்காரர் முன்பணத்தில் சுத்தம் செய்ததற்கு என்று பிடித்துக்கொண்டதைப் பற்றிப் பேச வேண்டாம்.

கொழுந்தனார் அப்போது சொன்னார்: "அண்ணி, சயின்ஸெல்லாம் யுனிவர்சிட்டிக்காரங்க வேலை. நீங்க ஏன் கையைச் சுட்டுக்கிறீங்க?" எனக்குச் சுருக்கென்றது. நம் பக்கத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் 'அனலிட்டிக் கிளப்' என்ற பெயரில் தொடங்கிய வி. ராமசாமி ஐயர் கல்லூரி ஆசிரியர் அல்ல, டெபுடி கலெக்டர். வெளிநாட்டுக் கணித இதழ்களைத் தனித்தனியாக வாங்க யாருக்கும் கட்டுப்படியாகாது. பணம் சேர்த்து வாங்கி, தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் படிக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. அந்தச் சங்கத்தின் இதழில்தான் 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்தது. அடுத்த வருடம் அவர் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனமும் மயிலாப்பூர் வீட்டு மாடியில் முளைத்ததுதான். அல்லாடி ராமகிருஷ்ணன் பல்கலைக்கழகப் பேராசிரியர்தான், ஆனால் மாணவர்களைத் தன் 'ஏகாம்ர நிவாஸ்' வீட்டில் உட்கார வைத்து வகுப்பு நடத்தினார். 1960-ல் சென்னை வந்த டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர் அந்த மாணவர்களைப் பார்த்துவிட்டு வியந்து பேச, 1962-ல் நிறுவனமே வந்துவிட்டது.

கொழுந்தனாரிடம் இதையெல்லாம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ராத்திரி படுத்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்த இரண்டு இடத்திலும் ஆட்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்க வரவில்லை. ஒன்றில் இதழை அடுத்தவருக்குத் தபாலில் சேர்க்க வேண்டும். இன்னொன்றில் நீயும் பாடத்தில் இறங்கி வேலை செய்ய வேண்டும். என் ஹாலில் வந்தவருக்கு நாற்காலியைத் தவிர வேறு எதுவும் கொடுக்கவில்லை.

2019 வந்தது. அந்தக் கோடையை சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். லாரிக்குக் குடம் வைத்து நின்ற வரிசையில், எங்கள் பிளம்பர் சாதாரணமாக ஒன்று சொன்னார்: "கடல் பக்கம் இருக்குற வீட்டுக் கெணறு நல்லா இருக்கு மேடம். மேக்கால கால்வா பக்கம் போனாதான் உப்பு." எனக்குத் தலைகீழாகப் பட்டது. கடலை ஒட்டித்தானே உப்பு இருக்க வேண்டும்? பின்னால் நின்ற குப்பத்துப் பெரியவர் சிரித்தார். "கடக்கரை மணல்ல ஊத்து தோண்டித்தாம்மா நாங்க சின்ன வயசுல தண்ணி குடிச்சோம். கொஞ்சம்கூட உப்பில்லாத தண்ணி."

இதுதான் எங்களுக்குக் கிடைத்த கேள்வி. அன்றைக்கு அந்த வரிசையில் ஆளாளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது, முழுசாக யாருக்கும் தெரியவில்லை. பிளம்பருக்கு எந்த வீட்டில் எத்தனை உறை இறங்கியிருக்கிறது என்று தெரியும், ஏன் என்று தெரியாது. பொறியாளர் சாருக்கு ஏன் என்று தெரியும், எந்த வீடு என்று தெரியாது. அடுத்த ஞாயிறு எங்கள் மாடிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். பேனர் இல்லை. டீயும் வேர்க்கடலையும் இருந்தன.

பொறியாளர் சார் அன்று ஒரு கண்ணாடி டம்ளரில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மேலே சாயம் கலந்த நல்ல தண்ணீரைக் கரண்டி விளிம்பு வழியாக மெல்ல விட்டார். நல்ல தண்ணீர் மேலே மிதந்து நின்றது. கடல் நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் கனம் கூட. கரையோர மணலில் இறங்கும் மழை நீர் இப்படித்தான் உப்பு நீருக்கு மேல் ஒரு வில்லை போல நிற்கிறது. கணக்குப்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல நீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கலாம். "ஆனா நம்ம பக்கம் கீழே பாறை குறுக்க வந்துடும், அதனால கணக்கு அப்படியே நிக்காது" என்றார். மளிகைக் கடை அக்கா கேட்டாள்: "அப்ப மேல ஒரு மீட்டர் மோட்டார் போட்டு இழுத்துட்டா, கீழேர்ந்து நாப்பது மீட்டர் உப்பு ஏறுமா சார்?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரே நாள்ல இல்ல. ஆனா அந்தப் பக்கம்தான் போகும்" என்றார். அந்த டம்ளரை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள், பிள்ளைகளுக்குக் காட்ட. திரும்பி வரவில்லை.

சரி, அளந்து பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. தண்ணீரில் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் இரண்டு, தண்ணீர் மட்டம் பார்க்க ஒரு கயிறு. கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு, நுனியில் கவிழ்த்துக் கட்டிய பழைய டப்பா. தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று சத்தம் வரும், அந்த இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்க மறக்கக் கூடாது. முதல் நாள் மறந்தோம்.

அளக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பிளம்பர்தான். குழாயில் பிடிக்காதீர்கள், அது மேலே டேங்க்கில் லாரித் தண்ணியும் மெட்ரோ தண்ணியும் கலந்தது. சம்ப்பிலும் அப்படித்தான். கிணறு என்றால் நேரே இறக்கி எடுங்கள். போர் என்றால் மோட்டார் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பைப் முனையில் பிடியுங்கள். மட்டம் பார்ப்பதென்றால் விடியற்காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன்னால். காலை ஆறரை என்ற நேரம் அப்படித்தான் வந்தது, வெயிலுக்குப் பயந்து அல்ல. தண்ணீர் பிடிக்கும் மக்கை, பிடிக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று தரம் அலசுங்கள் என்றது கெமிஸ்ட்ரி டீச்சர்.

கிழக்கே ஒரு அணி, மேற்கே ஒரு அணி. நாலு மாதம் அளந்தோம். மேற்கே இருந்த பதினொரு கிணறும் கிழக்கைவிட உப்பு. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஐடி பையன்கள் கலர் கலராக வரைபடம் போட்டார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு அறிக்கை கொடுக்க நாள் குறித்தாயிற்று.

அறிக்கைக்கு முந்தின ஞாயிறு, மளிகைக் கடை அக்கா நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கடன் நோட்டு பார்த்துப் பழகிய கண். "இந்த மூலை வீடு ரெண்டு தடவை வந்திருக்கே. கெழக்கு ஆளுங்க 610-னு எழுதியிருக்கீங்க, மேக்கு ஆளுங்க 854. ஒரே நாளு. ஒரே கெணத்துக்கு ரெண்டு கணக்கா?" இரண்டு அணியும் எல்லையில் இருந்த வீட்டைத் தனதென்று நினைத்து அளந்திருக்கிறது. இரண்டு மீட்டரையும் ஒரே டம்ளரில் விட்டுப் பார்த்தோம். நம்பவே முடியவில்லை. எந்தத் தண்ணீரில் விட்டாலும் ஒன்று மற்றதைவிட 1.4 மடங்கு காட்டியது.

டீச்சருக்குத்தான் பொறி தட்டியது. இந்த மீட்டர் உப்பை அளப்பதே இல்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி உப்பு என்று காட்டுகிறது. சில மீட்டர் 0.5-ஆல் பெருக்கும், சில 0.7-ஆல். 0.7-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.4. அடுத்த வாரம் பள்ளி லேபில் பொட்டாசியம் குளோரைடு எடுத்துச் சரிபார்த்தார். லிட்டருக்கு 0.746 கிராம் போட வேண்டும், பள்ளித் தராசுக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. அதனால் 7.46 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லி எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்கினார். அந்தக் கரைசல் மின்சாரம் கடத்தும் அளவு 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 1413 மைக்ரோ சீமன்ஸ் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. ஒரு மீட்டர் 700-ஐ ஒட்டிக் காட்டியது, மற்றது 990-ஐ ஒட்டி.

நாலு மாதக் கண்டுபிடிப்பில் பெரும்பகுதி மீட்டர் செய்த வேலை. எல்லா எண்ணையும் திரும்பப் போட்டபோது, மேற்கே பதினொன்றில் எட்டுக் கிணற்றில் வித்தியாசமே காணாமல் போனது. பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய மூன்றில் மட்டும் நின்றது. பிளம்பர் சொன்னதில் உண்மை இருந்தது, நாங்கள் ஊதிக் காட்டிய அளவுக்கு இல்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்துவிடும் என்று பயந்தேன். நேர்மாறாக நடந்தது. அடுத்த மாதம் பதினாறு பேர் வந்தார்கள், எல்லோருக்கும் அந்த 1.4 கதையைக் கேட்க வேண்டும். இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனையே, அளக்கும் கருவிகளை எல்லாம் முதல் நாளே ஒரே டம்ளரில் விடுங்கள் என்பதுதான். இரண்டாவது, நோட்டைப் படித்தவரிடம் மட்டும் கொடுத்து வைக்காதீர்கள், கணக்குப் பார்க்கிறவரிடம் கொடுங்கள்.

மற்றதெல்லாம் சில்லறை விஷயம், ஆனால் சில்லறையில்தான் கூட்டங்கள் உடைகின்றன. நாளை மாற்றவே மாற்றாதீர்கள். "இந்த ஞாயிறு கல்யாணம் இருக்கே, அடுத்த ஞாயிறு வச்சுக்கலாமா" என்று யார் கேட்டாலும், மூன்று பேர் வந்தாலும் அதே நாள். பதினைந்து பேருக்கு மேல் போனால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள், பெரிய வட்டத்தில் நாலு பேர்தான் பேசுவார்கள். அறிமுகத்தில் வேலையும் பட்டமும் சொல்லக் கூடாது என்று வைத்தோம். "இந்த மாசம் கண்ணில் பட்ட ஒண்ணு" சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தையல்காரர் முதல் நாள் சொன்னது, மழைக்காலத்தில் சில துணி குறுக்கு வாட்டில் மட்டும் சுருங்குகிறது என்று. அரை மணி நேரம் அதிலேயே ஓடியது. பேச வருகிறவருக்கு இருபது நிமிடம், ஸ்லைடு கிடையாது, கையில் தொட்டுப் பார்க்க ஒரு பொருள் கொண்டுவர வேண்டும்.

பணத்துக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், வருகிறவர் ஐம்பது ரூபாய் போடலாம், போடாமலும் இருக்கலாம். சங்கமாகப் பதிவு செய்யலாமே என்றார்கள். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். ஆனால் தலைவர், செயலாளர் என்று வந்துவிட்டால் ஆண்டுக் கணக்குத் தாக்கல், அப்புறம் யார் செயலாளர் என்ற சண்டை. நாங்கள் செய்யவில்லை. 

வீட்டுக்காரர்களின் பயத்தை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கிணறு உப்பு என்று வெளியே தெரிந்தால் வீட்டு விலை போய்விடும், கார்ப்பரேஷன்காரர்கள் வருவார்கள் என்று கதவைச் சாத்தினார்கள். ஒருவர் கிணற்றின் மேல் கட்டிய கொசுவலை கிழிந்துவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார், அதுவும் நியாயம்தான். தெருப் பெயரோடு நிறுத்தி, வீட்டு எண்ணை எங்கேயும் எழுத மாட்டோம் என்று சொன்ன பிறகு திறந்தார்கள். அளந்ததை ஒரு சீட்டில் எழுதி உடனே கையில் கொடுத்துவிடுவோம். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு என்று அதே சீட்டில் இருக்கும். கிருமி இருக்கிறதா என்று இந்த மீட்டர் சொல்லாது என்றும் இருக்கும்.

வாட்ஸப்பில் இரண்டு குழு வையுங்கள். ஒன்றில் நாளும் இடமும் மட்டும். இன்னொன்றில் குட் மார்னிங் பூவைக்கூட அனுப்பிக்கொள்ளட்டும். செம்புக் கம்பியைத் தண்ணீரில் போட்டால் உப்பு இறங்கும் என்று ஒருவர் வந்து அடித்துச் சொன்னபோது, நான் வாதாடப் போய் முகம் சிவந்ததுதான் மிச்சம். பல் டாக்டர்தான் சமாளித்தார்: "கொண்டு வாங்கண்ணே, மீட்டர்ல பாத்துடுவோம்." கம்பியோடு வந்தார், பார்த்தார், எண் மாறவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. இப்போது மேற்கு அணியில் கயிறு பிடிக்கிறவர் அவர்தான்.

மொழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் சில மாதம் குப்பத்துப் பெரியவர் வாயைத் திறக்கவே இல்லை. கூட்டம் தமிழில்தான் நடந்தது, ஆனால் எங்கள் தமிழில் வினைச்சொல் மட்டுமே தமிழ். ஒரு நாள் பொறியாளர் சார் கரையோர நீரோட்டத்தை விளக்கத் திணறியபோது, பெரியவர் மெல்லச் சொன்னார்: "தெக்கேர்ந்து வடக்க போறது தெண்டி. வடக்கேர்ந்து தெக்க வர்றது வன்னி. வருசத்துல முக்காவாசி தெண்டிதான்." அப்புறம் நிறுத்தவே இல்லை. துறைமுகச் சுவர் வந்ததும் தெற்கேயிருந்து வந்த மணல் அங்கே முட்டி நின்று மெரினா அகலமானதையும், மணல் போய்ச் சேராமல் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றதையும் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டினார். அதே விஷயத்தை சார் ஒரு புத்தகத்தில் படித்திருந்தார். "நான் இதுக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணவன்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நோட்டை எடுத்துத் தெண்டி, வன்னி என்று எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் நோட்டில் திசையெல்லாம் பெரியவர் சொல்லில்தான் இருக்கிறது.

கால்வாய் ஓரத்து மூன்று கிணறு ஏன் உப்பு என்று இன்னும் முடிவாகவில்லை. கால்வாயில் அலை ஏற்றத்தோடு உப்பு நீர் வருகிறது என்பார் சார். சாக்கடைக் கசிவும் சேர்ந்திருக்கிறது என்பார் பிளம்பர். டீச்சர் குளோரைடும் நைட்ரேட்டும் தனித்தனியாகப் பார்க்காமல் பேச மாட்டேன் என்கிறார். தண்ணீர் மட்டம் எவ்வளவு இறங்கும்போது உப்பு ஏறுகிறது என்று கயிற்றுக் கணக்கை வைத்துப் பார்த்தால் பாதி தெரிந்துவிடும் என்று இந்த மாதம் நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அப்போது தையல்காரர் கயிற்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து முடிச்சு முடிச்சாக வைத்துக்கொண்டே போனார். பத்தாவது முடிச்சு 10 மீட்டர் 14 சென்டிமீட்டரில் இருந்தது. நனைந்து நனைந்து நீண்டிருக்கிறது. எந்த மாதத்திலிருந்து என்று தெரியாது. மளிகைக் கடை அக்கா பழைய நோட்டைத் தேடிக் கீழே இறங்கிப் போனாள்.